வீடு நம்முடையது, வடிகான் யாருடையது?

காணி வாங்கப் போகும் நமது வியாபாரிகளுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. உறுதியைப் பார்ப்பார்கள். தோம்பு தேடுவார்கள். நில அளவையாளரைக் கூட்டிப் போய் எல்லைக் கல்லை எண்ணுவார்கள். பேர்ச் விலையைப் பக்கத்துக் காணியோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவார்கள். ஆனால் ஒரு கேள்வியை மாத்திரம் பெரும்பாலானோர் கேட்பதில்லை: இந்த ஒழுங்கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு தடவை நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் விளங்கும். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மேட்டு நிலம் அது. ஒரு காலத்தில் அரச உத்தியோகத்தர்களின் விடுதிகளும் பெரிய வளவுகளுமாக இருந்த இடம். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு திருகோணமலையில் காணி விலை ஏறியது. வளவுகள் துண்டு துண்டாகப் பிரிபட்டன. ஒரே வளவுக்குள் ஆறு வீடு, எட்டு வீடு வந்தது. அந்த வீடுகளுக்கெல்லாம் போகும் பத்து அடிப் பாதை, அதன் ஓரத்து வடிகான், மூலையில் ஒரு தெரு விளக்கு, சில இடங்களில் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு மோட்டார் என்று பொதுவான சில பொருட்கள் உண்டு. ஒவ்வொருவரும் தன் மதிலுக்கு உள்ளே பளிங்குக் கல் பதிக்கிறார். மதிலுக்கு வெளியே இருப்பதை "உள்ளூராட்சி சபை பார்க்கும்" என்று விட்டுவிடுகிறார். உள்ளூராட்சி சபையில் போய்க் கேட்டால், அது தனியார் பாதை, எம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது அவரவர் கணக்கில் சரிதான். ஐப்பசி, கார்த்திகை மழை இந்தச் சட்ட நுணுக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. மேட்டில் விழும் நீர் பள்ளத்து வீட்டுக் குசினிக்குள் வந்து நிற்கிறது.

இப்படிப்பட்ட பொதுப் பொருட்களை வீட்டுக்காரர்களே சேர்ந்து, சம்பளம் வாங்காத குழுக்களை அமைத்து நடத்தும் முறை உலகம் முழுவதும் இருக்கிறது. அமெரிக்காவில் ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டுரிமையாளர் சங்கங்களின் கீழ் வாழ்கிறார்கள். அங்கு வீடு வாங்கும் பத்திரத்திலேயே சங்க அங்கத்துவம் ஒட்டிக்கொண்டு வரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். வீட்டுக்காரர்கள் ஒரு நிருவாக சபையைத் தெரிவு செய்கிறார்கள். அந்தச் சபைக்குக் கீழே கணக்குக்கு ஒரு குழு, தோட்டத்துக்கும் பாதைக்கும் ஒரு குழு, கட்டட மாற்றங்களைப் பார்வையிட ஒரு குழு, பெருநாள் விழாக்களுக்கு ஒரு குழு என்று சிறு சிறு குழுக்கள். முடிவெடுப்பது சபை. விசாரித்து, விலை கேட்டு, வேலையைக் கண்காணித்து அறிக்கை கொடுப்பது குழு. குழுவில் இருப்பவர் பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் ஒரு மணித்தியாலம் கொடுக்கும் அயலவர்.

நமது நாட்டில் இது இரண்டு வகையாக இருக்கிறது. தொடர்மாடி வீடு என்றால் சட்டமே இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க ஆதன உரிமைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் தொடர்மாடியின் வீட்டுக்காரர்கள் அனைவரையும் ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனமாக்குகின்றன. படிக்கட்டு, கூரை, லிஃப்ட், தண்ணீர்த் தாங்கி போன்ற பொது அம்சங்களைப் பராமரிப்பதும் அதற்கான பணத்தை அறவிடுவதும் அதன் கடமை. 2003ஆம் ஆண்டில், பழைய பொது வசதிகள் சபையின் இடத்துக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை வந்தது. கொழும்பில் பிள்ளைகளின் படிப்புக்காக மாடிவீடு வாங்கியிருக்கும் நமது கிழக்கு மாகாண வியாபாரிகள் பலர், தாம் ஒரு கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவர் என்பதைக்கூட அறியாமல், மாதாந்தப் பராமரிப்புப் பணத்தை ஏதோ வாடகை போல எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வருடாந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் குப்பைக் கூடைக்குள் போகிறது.

தனித்தனி வீடுகள் உள்ள ஒழுங்கைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஓர்ஸ் ஹில் போன்ற இடங்களில் உள்ளவை பெரும்பாலும் இந்த வகையே. இங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சங்கம் அமைப்பதும் சந்தா கொடுப்பதும் சம்மதத்தின் பேரில்தான். ஆகவே இங்கே குழு எப்படி அமைக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

நமது சமூகத்துக்கு இது புதிய வித்தை அல்ல. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கும். அரசாங்கத்தின் உதவி கிடையாது. அலுவலகம் கிடையாது. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு மௌத்து நடந்தாலும் கபன் துணி வரும், சந்தூக்கு வரும், கப்று வெட்ட ஆள் வரும். நாற்பது வருடமாக ஒரு தடவைகூடத் தவறாத சங்கங்களைக் கண்டிருக்கிறேன். அதே ஊரில், அதே மனிதர்கள் ஆரம்பித்த "நலன்புரி அபிவிருத்தி முன்னேற்ற ஒன்றியம்" பெயர்ப்பலகை துருப்பிடித்துத் தொங்கும். ஏன்? ஜனாஸா சங்கத்துக்கு வேலை ஒன்றுதான். அது என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சந்தா சிறியது. பொருள் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்பதும் தெரியும். ஒன்றியத்துக்கோ உலகத்து வேலையெல்லாம் யாப்பில் எழுதப்பட்டிருக்கும். தலைவர், உபதலைவர் மூவர், போஷகர் ஐவர், செயலாளர், உதவிச் செயலாளர் என்று இருபத்தொரு பேர் இருப்பார்கள். வடிகானில் அடைத்த பொலித்தீனை எடுக்க ஒருவரும் இருக்கமாட்டார்.

ஆகவே ஒழுங்கைச் சங்கம் அமைப்பவர்கள் ஜனாஸா சங்கத்தின் வழியைப் பின்பற்றுவதே புத்தி. இருபது வீட்டுக்கு மூன்று குழு போதும். ஒரு குழுவுக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு வேலை. அந்த வேலைக்குக் கேட்காமல் செலவழிக்கக்கூடிய ஓர் எல்லைத் தொகை, ஐயாயிரமோ பத்தாயிரமோ, எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் குழுவே செய்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் கொடுக்கும். மேலே என்றால் மூன்று விலைக்கூறல் எடுத்துச் சபைக்கு வைக்கும். இந்த எல்லை இல்லாத இடத்தில்தான் சண்டை ஆரம்பிக்கிறது. ஒரு பல்பு மாற்றுவதற்கும் கூட்டம் கூட்ட வேண்டியிருந்தால் குழுவில் இருப்பவர் மூன்று மாதத்தில் களைத்துவிடுவார். ஒரு இலட்சம் ரூபாய் கொங்கிறீட் வேலையை ஒருவரே தன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

மூன்று குழுக்களில் வடிகான் குழுவையே முதலில் அமைக்க வேண்டும் என்பேன். திருகோணமலை மாவட்டத்தவருக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது வைத்தியசாலையில் கட்டில் போதவில்லை. உயிர்கள் போயின. அந்த வருடம் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு ஏற்பட்டது. டெங்கு நுளம்பு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. தன் வளவை எவ்வளவு துப்புரவாக வைத்தாலும், பக்கத்து வளவில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பீலியில் தண்ணீர் நின்றால் போதும். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் நமது பகுதிகளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டுத் திறப்பு யாரிடம் இருக்கிறது, மழைக்கு முன் யார் பீலியைப் பார்ப்பது என்பதையெல்லாம் ஒரு சுகாதாரப் பரிசோதகர் தனியாகச் செய்து முடிக்க முடியாது. ஒழுங்கையில் வாழும் இரண்டு பேரால் அரை நாளில் முடியும். புரட்டாதி முடிவதற்குள் வடிகானைத் தோண்டித் துப்புரவாக்குவது, மாதம் ஒரு தடவை பூட்டிய வீடுகளைப் பார்வையிடுவது, இவ்வளவுதான் அந்தக் குழுவின் வேலை.

இந்த விடயத்தில் முஸ்லிம் உலகத்தின் நகரம் ஒன்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. கராச்சியின் ஓராங்கி என்பது அனுமதியின்றி எழுந்த மிகப் பெரிய குடியேற்றம். சாக்கடை ஒழுங்கைகளில் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. 1980ஆம் ஆண்டில் கலாநிதி அக்தர் ஹமீத் கான் என்ற பெரியவர் அங்கே போனார். முன்பு கொமில்லாவில் கூட்டுறவு முறையை வளர்த்துப் பெயர் பெற்றவர். ஓராங்கி மக்கள் அரசாங்கம் வந்து சாக்கடை கட்டும் என்று காத்திருந்தார்கள். அவர் சொன்ன வழி வேறு. இருபது, முப்பது வீடுள்ள ஓர் ஒழுங்கை ஒரு குழு. அந்த வீட்டுக்காரர்கள் தமக்குள் ஒருவரை ஒழுங்கைப் பொறுப்பாளராகத் தெரிவு செய்ய வேண்டும். வீட்டுக்குள் மலசலகூடமும் ஒழுங்கைக்குள் நிலத்தடிக் குழாயும் மக்களின் பணத்தில், மக்களின் பொறுப்பில். பிரதான கால்வாயும் அதற்கு அப்பாலுள்ளவையும் அரசாங்கத்தின் பொறுப்பு.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு. ஓராங்கித் திட்டத்தார் மக்களுடைய பணத்தைக் கையால் தொடவில்லை. அவர்கள் நில அளவை செய்து கொடுத்தார்கள், படம் வரைந்து கொடுத்தார்கள், எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கூலி என்று மதிப்பீடு கொடுத்தார்கள், அச்சுகளும் கருவிகளும் இரவல் கொடுத்தார்கள். பணம் சேர்த்ததும் வைத்திருந்ததும் செலவழித்ததும் ஒழுங்கைப் பொறுப்பாளர். அவர் ஒழுங்கையிலேயே குடியிருப்பவர். தினமும் எல்லோர் முகத்திலும் விழிக்க வேண்டியவர். இந்த முறையில் ஓராங்கியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாக்கடை வசதி பெற்றன. அரசாங்கக் கொந்தராத்து மதிப்பீட்டில் ஒரு சிறு பங்கே செலவானது. நடுவில் இலாபம் எடுக்க ஒப்பந்தக்காரர் இல்லை, கைமாற்றும் இல்லை. எல்லாம் முதல் நாளே சரியாக நடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் போட்ட குழாய்களில் வேலைத் தரம் குறைந்தவை இருந்தன. மக்களுக்குச் சீமெந்துக் கலவையின் அளவு தெரியவில்லை. பிறகு அதைக் கற்றுக்கொடுத்தார்கள். தொண்டர்களுக்கு மனம் இருந்தால் போதாது, தொழில் தெரிந்த ஒருவரின் கண்ணும் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

நமது நாட்டிலும் இதன் சாயல் ஒன்று இருந்தது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் காலத்தில் கொழும்புத் தோட்டங்களில் சமூக அபிவிருத்திச் சபைகள் அமைந்தன. கிணறு, பொது மலசலகூடம், வடிகான் போன்ற சிறு வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரருக்குக் கொடாமல் அந்தச் சபைகளுக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். சென்னையில் 1989இல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் தெருவாரியாகச் சங்கம் அமைத்து, வீட்டுக்கு வீடு மாதச் சந்தா சேர்த்து, குப்பை எடுக்க மிதிவண்டியுடன் ஓர் ஆளை நியமித்தது. அந்த ஆளைக் குப்பைக்காரர் என்று அழைக்காமல் தெருவை அழகுபடுத்துபவர் என்ற பெயரில் அழைத்தார்கள். நமது ஒழுங்கைகளிலும் குப்பைக் குழு இதைப் பின்பற்றலாம். மாநகர வண்டி எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்று எழுதி ஒட்டுவதே பாதி வேலை. முதல் நாள் இரவே பையைக் கொண்டுவந்து வைத்தால் நமது ஊரில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. நகரில் திரியும் மான்கள் வந்து பையைக் கிழித்துப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் பிடித்துப் போவார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். இங்கேதான் அநேக சங்கங்கள் உடைகின்றன.

ஒழுங்கைச் சந்தாவை நமது ஆட்கள் பலர் ஒரு விதமான தர்மம் போல நினைக்கிறார்கள். இந்த மாதம் கை வசதி இல்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறார்கள். ஸதகா என்றால் கொடுப்பவர் விருப்பம். சந்தா அப்படியல்ல. மோட்டார் ஓடியது, விளக்கு எரிந்தது, வடிகான் துப்புரவானது. அதன் பயனை நீங்கள் அனுபவித்துவிட்டீர்கள். அதற்குரிய பங்கு உங்கள் மேல் கடன். கொடுக்காவிட்டால் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் சுமக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டு வீடு, மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 18,000 ரூபாய். மூன்று வீடு கொடுக்கவில்லை என்றால் 3,000 ரூபாய் குறையும். செலவு குறையாது. மிகுதிப் பதினைந்து வீடும் ஆளுக்கு 200 ரூபாய் மேலதிகமாகச் சுமக்க வேண்டும். அந்தப் பதினைந்து பேரில் ஓய்வூதியம் பெறும் ஓர் ஆசிரியையும் இருக்கலாம். கொடாதவர் இரண்டு கடை வைத்திருப்பவராக இருக்கலாம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பது நமது வியாபாரிகள் அனைவருக்கும் தெரியும். சூறா அல்பகராவின் 282ஆவது வசனத்தைக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவர்கூட ஒழுங்கைச் சந்தாவுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. பொருளாளரும் கொடுப்பதில்லை.

பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சடிக்கச் செலவு சிறிது. இலக்கமிட்டிருக்க வேண்டும், பிரதி இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இரண்டு பேர் கையொப்பத்தில் இருக்க வேண்டும். தனிப்பட்டவரின் கணக்கில் போடுவது எவ்வளவு நம்பிக்கையான ஆளானாலும் கூடாது. அவருக்கு ஒன்று நேர்ந்தால் அந்தப் பணம் வாரிசுகளின் சொத்தோடு கலந்துவிடும். அவருடைய பிள்ளைகளுக்கு அதில் எது சங்கத்தினது என்று எப்படித் தெரியும்? சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க வங்கி யாப்பும் பதிவும் கூட்டத் தீர்மானத்தின் பிரதியும் கேட்கும். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் எந்த வகையில் பதிவு செய்யலாம் என்று சொல்வார்கள். வட்டி இல்லாத கணக்கு வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு வழி இருக்கிறது. 2011இல் அமானா வங்கி தொழிற்படத் தொடங்கியது. ஏனைய சில வங்கிகளிலும் இஸ்லாமியப் பிரிவு உண்டு.

பிந்திக் கொடுப்பவருக்கு என்ன செய்வது? பல சங்கங்களில் தண்டப்பணம் மாதா மாதம் நூற்றுவீதத்தில் ஏறும். அது வட்டிதானே என்று நமது ஆட்கள் மறுப்பார்கள். மறுப்பதில் நியாயம் இருக்கிறது. இஸ்லாமிய நிதி நிறுவனங்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. தாமதக் கட்டணத்தை வருமானமாக எடுக்காமல் தர்மத்துக்குக் கொடுத்துவிடுவது. ஒழுங்கையிலும் அதைச் செய்யலாம். முன்கூட்டி எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்ள வேண்டும். எனது அபிப்பிராயத்தில் அதைவிடப் பலன் தருவது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரவு செலவை ஒரு தாளில் எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுப்பது. நிலுவை உள்ள வீட்டின் பெயர் வேண்டாம், இலக்கமும் தொகையும் போதும். ஒழுங்கைச் சுவரில் பெயரெழுதி ஒட்டுவதை நான் கண்டிருக்கிறேன். அதன் பிறகு அந்த வீட்டார் கட்டவே மாட்டார்கள்.

மாதச் செலவோடு கணக்கு முடிவதில்லை. தேய்மானம் என்று ஒன்று உண்டல்லவா? ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய ஒரு மோட்டார் 90,000 ரூபாய் என்று வைப்போம். அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,500. பதினெட்டு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 84 ரூபாய். மாதம் 84 ரூபாய் ஒதுக்காத ஒழுங்கை, மோட்டார் எரிந்த அன்று ஒரே நாளில் வீட்டுக்கு 5,000 ரூபாய் தேட வேண்டும். அதுவும் விலை ஏறாதிருந்தால். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது இறக்குமதி மோட்டாரின் விலை எங்கே போனது என்பது வன்பொருள் கடைக்காரர்களுக்குத் தெரியும். அதே 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் கூட்டப்பட்டது. கொழும்புத் தொடர்மாடிகளில் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வந்த பில்லைப் பார்த்துப் பல சபைகள் திகைத்தன. ஒதுக்கு நிதி வைத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். மற்றவர்கள் லிஃப்டை நிறுத்தினார்கள். ஏழாம் மாடியில் இருந்த முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள்.

இந்த ஒதுக்கு நிதி விடயத்தில் உலகத்தையே உலுக்கிய சம்பவம் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்தது. சர்ப்சைட் என்ற கடற்கரை ஊரில் 1981இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. அதன் சங்கம் நியமித்த பொறியியலாளர் 2018ஆம் ஆண்டிலேயே, நீர் கசிந்து கொங்கிறீட் பெரிதும் பழுதடைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். திருத்தப் பல மில்லியன் டொலர் வேண்டும். சங்கத்தின் ஒதுக்கோ மிகச் சொற்பம். வீட்டுக்காரர்கள் தொகையைக் கேட்டுக் கொதித்தார்கள். 2019இல் நிருவாக சபையின் பெரும்பான்மையோர் பதவி விலகினர். கடைசியில் 2021இல் சுமார் 15 மில்லியன் டொலர் அறவிடுவதென்று தீர்மானித்து, ஜூலை முதலாம் திகதியிலிருந்து பணம் கட்டச் சொன்னார்கள். ஜூன் 24ஆம் திகதி அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். கட்டடம் எந்தத் தூணில் தொடங்கி விழுந்தது என்பது பொறியியலாளர்களின் விடயம். நமக்கு வேண்டியது நடுவில் உள்ள அந்த மூன்று வருடம். சம்பளமில்லாத சில அயலவர்கள் கையில் அறிக்கையை வைத்துக்கொண்டு, மற்ற அயலவர்களிடம் பெருந்தொகை கேட்க முடியாமல் தவித்த காலம் அது. அடுத்த வருடம் புளோரிடா மாநிலம் சட்டத்தை மாற்றியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகள் கட்டட உறுதிக்கான ஒதுக்கைக் கணக்கிட்டு வைத்தேயாக வேண்டும், வாக்கெடுத்துத் தவிர்க்க முடியாது என்று ஆக்கியது.

ஓர்ஸ் ஹில்லில் பன்னிரண்டு மாடி இல்லை. ஆனால் மேட்டு நிலத்தைத் தாங்கி நிற்கும் மதில்கள் இருக்கின்றன. மேல் வீட்டுக்காரரின் மதில், கீழ் வீட்டுக்காரரின் குசினிக்கு மேலே நிற்கிறது. அதில் வெடிப்பு வந்தால் யார் பார்ப்பது, யார் செலவு செய்வது? குழுவில் உள்ள ஒருவர் மதிலைத் தட்டிப் பார்த்து "பரவாயில்லை" என்று சொல்லக் கூடாது. பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து எழுத்தில் வாங்க வேண்டும். அதற்குச் செலவாகும் சில ஆயிரங்களைச் சங்கம் கொடுக்கட்டும்.

ஓர்ஸ் ஹில் போன்ற இடத்தில் இன்னொரு விடயமும் இருக்கிறது. அது மஹல்லா அல்ல. ஒரே ஒழுங்கையில் தமிழர் வீடும் நமது வீடும் சிங்களவர் வீடும் இருக்கும். முப்பது வருட யுத்தத்தில் ஒருவரை ஒருவர் சந்தேகத்துடன் பார்த்துப் பழகிய நகரம் இது. அங்கே அரசியல் பேசினால் கூட்டம் கலையும், வடிகானைப் பற்றிப் பேசினால் எல்லோரும் இருப்பார்கள். ஆகவே ஒழுங்கைக் கூட்டத்தைப் பள்ளிவாசலிலோ கோயில் மண்டபத்திலோ வைக்க வேண்டாம். யாருடைய வீட்டு முற்றத்திலாவது முறை வைத்துக் கூடலாம். வெள்ளிக்கிழமை நமக்கும் வசதியில்லை, இந்து அயலவர்களுக்கும் பூசை நாள். போயாவும் வேண்டாம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பொதுவாக ஒத்துவரும். அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். பொருளாளர் நம்மவர் என்றால் கணக்கைப் பார்ப்பவர் மற்றவராக இருப்பது நல்லது. சந்தேகத்தால் அல்ல, சந்தேகம் வருவதற்கு இடமில்லாமல் செய்வதற்காக. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இருந்து பழகியவர்கள் அங்குள்ள அதிகாரத் தோரணையை இங்கே கொண்டுவரவும் கூடாது. வக்பு சபையில் பதிவான நம்பிக்கையாளருக்குப் பின்னால் 1956ஆம் ஆண்டின் சட்டம் நிற்கிறது. ஒழுங்கைத் தலைவருக்குப் பின்னால் நிற்பது அயலவரின் சம்மதம் மாத்திரமே.

பெண்களைக் குழுவில் சேர்ப்பது பற்றிச் சிலர் தயங்குகிறார்கள். பகல் முழுவதும் கடையில் இருக்கும் நமக்குத் தண்ணீர் எந்த நேரம் நின்றது, குப்பை வண்டி வந்ததா என்பது எப்படித் தெரியும்? வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர்க் குழுவைப் பெண்களிடம் கொடுத்த ஒழுங்கைகளில் மோட்டார் போடும் நேர அட்டவணை பிசகுவதில்லை என்பது எனது அனுபவம்.

வியாபாரிகளாகிய நமக்கு நேரடியாகப் படும் விடயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் பயணிகள் வரும் பருவத்தில் நகரத்தில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவது நல்ல வருமானம். ஓர்ஸ் ஹில்லின் கடற்காட்சிக்குத் தனி மதிப்பு. ஆனால் எட்டு வீட்டு ஒழுங்கையில் ஒரு வீடு விருந்தினர் விடுதியானால் தண்ணீர்ப் பாவனை கூடும், குப்பை கூடும், வேன் வந்து வாசலை மறிக்கும். அயலவர் முணுமுணுப்பார், பிறகு முறைப்பாடு எழுதுவார். விடுதி நடத்துபவர் தானாகவே இரண்டு பங்குச் சந்தா தருகிறேன் என்று முன்வந்து, வாகனம் நிறுத்தும் இடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். அந்த மேலதிகப் பங்கு அவருடைய வியாபாரச் செலவு. வாடகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

குழு செய்யக் கூடாதவையும் உண்டு. எல்லைச் சண்டையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது நீதிமன்றத்துக்கும் மத்தியஸ்த சபைக்கும் உரியது. சந்தா கட்டாத வீட்டுத் தண்ணீரைத் தொண்டர்கள் போய் வெட்டக் கூடாது. யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்பது குழுவின் வேலை அல்ல. காவல் குழு என்ற பெயரில் இளைஞர்களை இரவில் நிறுத்துவதும் வேண்டாம். நமது நகரத்தில் அது எந்த வழியில் போய் முடியும் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும்.

காணி வாங்கப் போகிறவர்கள் இனி விற்பவரிடம் நான்கு தாள்களைக் கேளுங்கள். ஒழுங்கை உள்ளூராட்சி சபைக்கு ஒப்படைக்கப்பட்டதா இல்லையா என்பதைக் காட்டும் கடிதம், பொதுப் பாதையைக் குறிக்கும் நில அளவைப் படம், சங்கம் இருந்தால் கடைசி வருடத்து வரவு செலவு, அந்த வீட்டின் நிலுவை எவ்வளவு என்று பொருளாளர் கையொப்பமிட்ட துண்டு. தொடர்மாடி என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் ஒதுக்கு நிதிக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். நிலுவை இருந்தால் விலையில் கழித்துவிட்டு உறுதி எழுதும் நாளிலேயே சங்கத்துக்குக் கட்டிவிடுங்கள். சங்கம் இல்லாத ஒழுங்கை என்றால், மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, வடிகானைப் பற்றிப் பேச ஐந்து வீட்டுக்காரர்கள் வந்தால் போதும்.